நெற்றிச் சிவப்பு

குழம்பில் கிடப்பது என்ன காய் என்றுகூடப் பார்க்காமல் சாப்பிடுகிற மனிதர் நாகலிங்கம். அவர் சில நாட்களாக அலுவலகத்திலிருந்து தாமதமாக வந்தார். புருவத்துக்கு மேல் ஒரு சிவப்புத் தீற்றல் வேறு. எவளுடைய குங்குமமோ என்று அவர் மனைவி செண்பகத்துக்குச் சந்தேகம் தட்டியது.

"நெத்தியில என்னங்க அது?"

"ஒண்ணுமில்லையே" என்று துடைத்துக்கொண்டு, ஏதோ முணுமுணுத்துப் பாடியபடி கைகழுவப் போனார். அந்தப் பாட்டுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் மாலை அலுவலகம் விட்டதும் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனாள். காலி மனை ஒன்றை அடைத்திருந்த துருப்பிடித்த தகரத்தின் முன் அவர் நின்றார். அதிலிருந்த துளையில், நெற்றி அழுந்தக் கண்ணை வைத்தார். தனக்குள் சிரித்துக்கொண்டார். அவர் போனதும் அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். உள்ளே ஒரு பள்ளம், கொஞ்சம் மழைத்தண்ணீர். பெண் யாரும் இல்லை. வேறெதுவுமே இல்லை. நம்பமுடியாமல் இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் அவளுடைய நெற்றியைப் பார்த்தார். பொட்டுக்குப் பக்கத்தில் துரு ஒட்டியிருந்தது. கத்தப்போகிறார் என்று நினைத்தாள்.

"நீ பாக்கறப்ப என்ன பண்ணிட்டிருந்துது?" என்று மெதுவாகக் கேட்டார்.

எது என்று கேட்டால், தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது வெளிப்பட்டுவிடும்.

"தூங்கிட்டிருந்துதுங்க" என்றாள்.

"அப்பாடா! நான் பாத்தப்ப ஒரே ஆட்டம்."

பொய் சொல்கிறாரோ என்று அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவரும் அவள் முகத்தைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.