வாலில் ஒரு கண்

கடல்நீர் ஏறி ஏரி தெளிந்திருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீர் வெயிலில் வெதுவெதுவென்றிருக்கிறது. ஒல்லாந்தர் கோட்டைக்குச் செங்கல் ஏற்றிவந்து எப்போதோ கவிழ்ந்த படகின் மேல் சிப்பி படர்ந்திருக்கிறது. அந்த இடுக்குகளை நாகாத்தா கையால் துழாவி இறால் பிடிக்கிறாள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறி அவள் பல்லில் தொங்குகிறது. கரையேறும்வரை வாயைத் திறக்க முடியாது. தலையை முக்கிக் கண்ணைத் திறந்தவள் அப்படியே நின்றுவிடுகிறாள். செங்கல் நிழலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மீன். இந்த ஏரியில் அவள் பார்த்தேயிராத மஞ்சள். வெயில் வலைக்கண்களாக அதன் மேல் ஆடுகிறது. பெரிய கறுப்புக் கண் அவளையே பார்க்கிறது. தலைப்பக்கம் கையை அணைகொடுத்தால் எந்த மீனும் அடங்கும். கொடுக்கிறாள். மீனோ பின்பக்கமாகப் போகிறது! பின்பக்கமாகவா? அங்கே கறுப்புப் பட்டைக்குள் இன்னொரு கண், சின்னதாக, உருள்கிறது. அப்படியானால் இந்தப் பெரிய கண் வாலோரத்தில் வைத்த பொட்டு.

“அண்ணி!” எழுந்தவள் கத்தியேவிடுகிறாள். பறி நழுவிக் கவிழ, காலையிலிருந்து பிடித்த இறாலெல்லாம் சிதறி ஓடுகின்றன.

அண்ணி எட்டியம்மா தன் பறியை வாயிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறாள். “இன்னாடி, பேய் கீய் பூந்துச்சா? புள்ளைங்க பசியோட கீதுங்க. கொழம்புல இன்னாத்த போடுவே?”

“வாலுல கண்ணு கீது அண்ணி. நீயே பாரேன்.”

“வாலுல கண்ணாம். போடி!” பறியை மறுபடி கவ்விக்கொண்டு அவள் தலையை முக்குகிறாள். நாகாத்தா தண்ணீரையே பார்த்து நிற்கிறாள். முதலில் குமிழிகள் வருகின்றன. அப்புறம் அண்ணியின் பறி, வாய் கவிழ்ந்து, மிதந்து வருகிறது.