டைனிங் டேபிள் போன இடம்

"என் டைனிங் டேபிள் எங்கடா?"

காய்கறிப் பையோடு திரும்பிய அம்மா வாசலிலேயே கத்தினாள்.

"பழைய பொருள் கடைக்குக் கொடுத்துட்டேம்மா. தேவைப்படறவங்க வாங்கிப்பாங்க. பூமியில குப்பை குறையும்" என்றான் மகன்.

"அன்னிக்கு ஃபேன், போன வாரம் மிக்ஸி. எல்லாம் நல்லா ஓடிட்டிருந்தது! பூமியைக் காப்பாத்த என் வீடுதானா கிடைச்சுது?"

"விடு, பையனுக்குப் பொறுப்பு வந்திருக்கு" என்றார் அப்பா, சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு.

அம்மா விடவில்லை. அவரையும் இழுத்துக்கொண்டு நேராக அந்தக் கடைக்கே போனாள். அங்கே ஒரு பெண் பழைய ரேடியோவைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில என் பையன் கொடுத்த டைனிங் டேபிள் திரும்ப வேணும்மா. வித்துட்டியா?"

அந்தப் பெண் முகம் சிவக்க எழுந்து, பின்னாலிருந்த அறையைத் திறந்தாள். டேபிள் பளபளவென்று நின்றது. அதன்மேல் மிக்ஸி. பக்கத்தில் ஃபேன்.

"ஒண்ணைக்கூட விற்கலையா? ஏம்மா?"

"உங்க பையன் வாராவாரம் என்கிட்ட ஏதோ சொல்ல வர்றார் ஆன்ட்டி. ஆனா பொருளைக் கொடுத்துட்டு, வியர்த்து விறுவிறுத்து ஓடிடறார். என்னிக்காவது சொல்லிட்டார்னா, உங்க வீட்டுக்கு வரும்போது இதையெல்லாம் கூடவே கொண்டு வந்துடலாம்னு எடுத்து வெச்சேன்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"என்னங்க, அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள நம்ம கட்டிலும் போயிடும். நாமளே பேசி முடிச்சிடலாம்!"