முறைப்படி அனுப்பவும்

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டானா?"

ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் ஷூ லேஸைக் கட்டியபடியே கேட்டான். அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். மூன்றாவது தடவை.

நூலகங்களுக்கான இலவச மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் பிழை திருத்தி அனுப்பலாம். பொறுப்பாளர் ஏற்றுக்கொண்டால், எழுதியவர் பெயர் ஊரறியப் பதிவாகும்.

"உங்க பேர்ல ஒரு திருத்தமாவது வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டுங்க, வேலை தர்றோம்" என்றிருந்தது ஒரு கம்பெனி. குழந்தை பிறந்ததிலிருந்து நாலு வருஷமாக அவள் வீட்டில்தான். கணவன் கேட்கும்போதெல்லாம் அவன் வேலையில் கை கொடுத்ததோடு சரி.

இன்று வியாழன்.

முதல் தடவை வெறும் மின்னஞ்சல் முகவரி மட்டும் போய்விட்டது. 'பெயர் இல்லை. முறைப்படி அனுப்பவும்.'

அடுத்த தடவை, லேப்டாப் கணவனுடையது என்பதால் அவன் பெயரே மேலே போய் உட்கார்ந்துகொண்டது. 'மேலே ஒரு பெயர், கீழே கையெழுத்தில் வேறு பெயர். முறைப்படி அனுப்பவும்.'

இப்போது, 'பெயர் உங்களுடையது, முகவரி அவருடையது. எழுதியவரின் பெயர், பிறகு < > என்ற கூரடைப்புக்குள் அவருடைய சொந்த முகவரி. முறைப்படி அனுப்பவும்.'

திருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

"உள்ள இருக்கிற சரக்கைப் பார்க்காம, மேல ஒட்டின விலாசத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கான். மிஸ்டர் முறைப்படி!" என்று சிரித்தான் கணவன்.

"சிரிக்காதீங்க. நாளைக்கு விட்டா இந்த வேலை போயிடும்."

"பேசாம என் பேர்ல அனுப்பிடறேன். அங்க என்னை எல்லாருக்கும் தெரியும்."

"என் பேர்ல இருந்தாதானே கம்பெனில ஏத்துப்பாங்க?"

"நாலு வருஷமா வீட்ல இருக்கே. உன் பேர்ல காட்ட என்ன இருக்கு?"

அவளுக்குச் சுருக்கென்றது. அவன் போனதும், தனக்கென்று புதிதாக ஒரு முகவரி திறந்தாள். பெயர், அடைப்பு, முகவரி. எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து அனுப்பினாள்.

சாயங்காலம் பதில் வந்தபோது கணவனும் வந்துவிட்டான். தோளுக்குப் பின்னால் நின்று வாத்தியார் குரலில் இழுத்து இழுத்துப் படித்தான்.

"'ஏற்றுக்கொண்டேன். உங்கள் பெயரில் பதிவாகிவிட்டது.' அப்பாடா! இன்னும் என்னமோ எழுதியிருக்கானே... 'திருத்தத்தைச் சோதிக்க, வாசகர் பெயராகச் சில்வண்டு என்று போட்டிருக்கிறீர்கள்...'"

சில்வண்டு, மகளின் செல்லப்பெயர். எதைச் சோதித்தாலும் அவள் அதைத்தான் போடுவாள்.

கணவன் அதற்கு மேல் படிக்கவில்லை. "சரி சரி, அதான் வேலை முடிஞ்சுதே" என்று லேப்டாப்பை மூடக் கை நீட்டினான்.

அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மீதியைப் படித்தாள்.

'இரண்டாம் தடவை மேலே வந்ததே, அந்தப் பெயரில் நான்கு வருடங்களில் பதினோரு திருத்தங்கள் எங்களிடம் பதிவாகியிருக்கின்றன. பதினொன்றிலும் சில்வண்டு இருக்கிறது. அவற்றை எழுதியவரும் நீங்கள்தான் என்றால் ஒரு வரி எழுதுங்கள். முறைப்படி உங்கள் பெயருக்கு மாற்றிவிடுகிறேன்.'