அழிக்கும் பொத்தான்

"முடியாதுண்ணா."

"என்ன கேக்கப்போறேன்னு நான் இன்னும் சொல்லவே இல்ல."

"கதவைச் சாத்திட்டு வந்தீங்களே, அதுலயே தெரிஞ்சுபோச்சு."

அண்ணன் மேசை விளிம்பில் உட்கார்ந்தார். லிஃப்ட் பராமரிக்கும் அந்த நிறுவனத்தில் அவர் மேலாளர். தங்கை கணினிப் பிரிவு. பிரிவு என்றால் அவள் ஒருத்திதான்.

பழுது பார்க்கும் முறைகள் எல்லாம் ஓர் இலவச விக்கி மென்பொருளில் பக்கம் பக்கமாக இருந்தன. மெக்கானிக்குகள் கைப்பேசியில் அதைப் பார்த்துத்தான் வேலை செய்வார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர்கள் பேசிக்கொள்ள ஒரு மன்றம். அந்த மன்றத்தை விக்கியோடு இணைக்கும் செருகுநிரல் என்ற சின்ன மென்பொருளை எழுதியவள் தங்கை. எழுதியதோடு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்தும் வைத்திருந்தாள்.

மூன்று நாட்களுக்கு முன் ஒரு மெக்கானிக் அதில் எழுதியிருந்தார். 'பிரேக் ஸ்பிரிங்கின் நீளம் 47 மி.மீ. என்று பக்கத்தில் இருந்தது. அப்படியே வைத்தேன். லிஃப்ட் நிற்கவில்லை. என் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. சரியான அளவு 41. இதை மாற்றியது யார்?'

அதற்குக் கீழே பத்தொன்பது பதில்கள்.

"மூணு மணிக்கு ஆய்வு அதிகாரி வர்றார்," என்றார் அண்ணன். "அதுக்குள்ள இந்தப் பேச்சு மொத்தமும் போகணும்."

"மறைக்கலாம். ஆனா மறைச்சது யாருன்னு அங்கயே காட்டும்."

"காட்டாம?"

"அப்படி ஒரு பொத்தான் அதுல கிடையாது."

"நீ எழுதினதுதானே? ஒண்ணு வை."

"வைக்க மாட்டேன்."

"அளவைத்தான் நேத்தே சரி பண்ணியாச்சே. பழசை ஏன் கட்டிக்கிட்டு அழறே?"

"கீழ இருக்கறதைப் படிங்க. இதைப் பார்த்துட்டு மூணு பேர் அவங்கவங்க இடத்துக்கு ஓடிப்போய் ஸ்பிரிங்கை மாத்தி வெச்சிருக்காங்க. இன்னும் எத்தனை லிஃப்ட் நாப்பத்தேழுல ஓடுதோ! அழிச்சிட்டா அவங்களுக்கெல்லாம் யார் சொல்றது?"

"சர்க்குலர் அனுப்பறேன்."

"உங்க சர்க்குலர் மேல டீ கிளாஸ் வைப்பாங்க."

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. "நமக்கு மட்டும் ஒரு பொத்தான் வை. வெளியில யாருக்கும் குடுக்காதே."

"வெளியில இதை எடுத்துப் போட்ட மேனேஜருங்களும் இதையேதான் கேக்கறாங்க. ஒரு ஆஸ்பத்திரி கேட்டுச்சு. ஒரு காலேஜ் கேட்டுச்சு. இதுவரைக்கும் ஏழு பேர். ஏழு பேருக்கும் இல்லைன்னு எழுதினேன். எட்டாவது ஆளு என் கூடப் பொறந்தவர்ங்கறதுக்காக ஆமான்னு எழுதணுமா?"

"உடும்புப் பிடி பிடிக்காதே. அதிகாரி இதைப் படிச்சார்னா அடுத்து அந்தப் பக்கத்தோட வரலாற்றைத் திறப்பார். எந்தத் தேதியில, எந்தப் பேர்ல அந்த அளவு மாறிச்சுன்னு பளிச்சுனு தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

"கேஸ் ஆகும்."

"ஆகட்டும்."

"வீட்ல ரெண்டு பிள்ளைங்க இருக்கு. அதையாவது நினைச்சுப் பாரு."

"பிள்ளைங்களை இதுல இழுக்காதீங்க. கால் உடைஞ்சு கிடக்கறவருக்கு மூணு."

அண்ணன் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினார். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"வேணும்னு செஞ்ச தப்பா அது? பக்கத்தைச் சரிபார்க்க எடுத்த பழைய நோட்டுல கையெழுத்து மங்கிப்போயிருந்துச்சு. ஒண்ணு ஏழாத் தெரிஞ்சிருக்கு. யாருக்கு வேணாலும் நடக்கும்."

"நடக்கும். நடந்ததை அங்க எழுதணும். அழிக்கக் கூடாது."

"அம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"நேரா முழிங்க."

"சர்வரையே நிறுத்தச் சொல்லிடுவேன்."

"நிறுத்துங்க. எல்லாத்தையும் காப்பி எடுத்து வெச்சிருக்கேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் திட்டவில்லை.

"கடைசியாக் கேக்கறேன்," என்றார். "எனக்காகச் செய்ய மாட்டியா?"

"உங்களுக்காக வேற எது வேணாலும் கேளுங்க."

மூன்று மணிக்குச் சரியாக அதிகாரி வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெக்கானிக் எழுதியதைப் படித்தார். பத்தொன்பது பதில்களையும் படித்தார். அவர் கேட்பதற்கு முன்பே தங்கை வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

நாற்பத்தொன்று நாற்பத்தேழாக மாறிய வரியில் அதிகாரியின் விரல் நின்றது. பக்கத்தில் இருந்த பெயரைத் தாளில் குறித்துக்கொண்டு, அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

"இவங்களை நான் விசாரிக்கணும். எங்க இருக்காங்க?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கைதான் தன் நாற்காலியை அதிகாரிக்கு நேரே நகர்த்திப் போட்டாள்.

"உங்க எதிர்லதான் சார் இருக்கேன். கேளுங்க."