யாரோ வைத்த ஃபைல்

அந்த இரண்டு ஃபைல்களையும் நான் வைக்கவில்லை.

வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், அதைத் தொடுவது நானும் என் மனைவியும், இரண்டே பேர். நான் இல்லையென்றால் யார் என்று கண்டுபிடிக்கப் போலீஸ் நாய் வரவேண்டியதில்லை.

யாருக்கு எது எப்படி வேண்டும் என்ற குறிப்புகளைக் கம்ப்யூட்டர் தனக்குத் தானே சேர்த்து வைக்கும் ஃபோல்டர் அது. நூற்று எழுபது ஃபைல்கள். இது பிரிண்டருடையது, இது கடிகாரத்துடையது என்று மத்தியானத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பேப்பரில் டிக் அடித்துக்கொண்டு வந்தேன். நடுநடுவே எழுந்து நடந்தேன். கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறித்தது.

மிஞ்சியவை இந்த இரண்டும்தான். ஒன்றின் பெயரில் கீபோர்டு என்று இருந்தது, மற்றதில் மவுஸ்.

உருவான நேரத்தைப் பார்த்தேன். ஏழு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, மதியம் மூன்றே கால். நான் குட்டித் தூக்கம் போடுகிற நேரம்.

கீபோர்டு மக்கர் செய்வதும் கிட்டத்தட்ட அப்போதிலிருந்துதான். ஒரே எழுத்தை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் ஒன்றுதான் விழும். வாஷிங் மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் வரும் கையேடுகளை மொழிபெயர்த்துப் பிழைக்கிறவனுக்கு அது லேசான இம்சை இல்லை. இப்படி ஆனால் நீங்கள் தட்டுவதையெல்லாம் யாரோ பதிவு செய்கிறார்கள் என்று அர்த்தம் என இணையத்தில் எவனோ எழுதியிருந்தான். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மறைக்க என்னிடம் அப்படி என்ன இருக்கிறது? ஒன்றே ஒன்று இருக்கிறது. என் பழைய சிநேகிதனுக்கு நான் எழுதும் மெயில்கள்.

'அவளுக்கு என் மேல் பிரியம் விட்டுப்போச்சுடா' என்று போன மாதம் அவனுக்கு எழுதினேன். சும்மா எழுதவில்லை. முன்பெல்லாம் காபி டம்ளர் நிறைய வரும், இப்போது பாதிதான் வருகிறது. சேர்ந்து நடக்கும்போது கையைப் பிடித்தால் உருவிக்கொள்கிறாள். எல்லாவற்றுக்கும் மேல் இந்தப் பல். ஊரார் பல்லையெல்லாம் பிடுங்குகிற பல் டாக்டர், கட்டியவன் பல்லைத் தொட மாட்டாளாம். சொந்தக்காரர்களுக்குச் செய்வதில்லையாம், ஜூனியரிடம் போக வேண்டுமாம். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் என் வாயிலிருந்து இரண்டு பல்லை எடுத்தவள் அவள்தான். அப்போது நான் யார், பக்கத்து வீட்டுக்காரனா?

இவ்வளவையும் அவள் ஓர் எழுத்து விடாமல் படித்திருக்கிறாள் என்று நினைத்தபோது, வெட்கத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

இரண்டு ஃபைல்களையும் குப்பைத் தொட்டிக்கு இழுத்துவிட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்து, 'அப்பப்பப்பா' என்று தட்டினேன். ஓர் எழுத்து குறையாமல் விழுந்தது.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

வாசல் கதவில் சாவி திரும்பியது. எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவள் செருப்பை உதறிவிட்டு நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கிளினிக்குக்கு அவசரமாக ஒரு மெயில் அனுப்ப வேண்டுமாம். முடிக்கட்டும், அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

ஒற்றை விரலால் 'நாளை' என்று தட்டினாள்.

'நநநாளளளை' என்று விழுந்தது.

அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே. மூன்றாம் முறை, வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் அந்த விரல் ஒரே எழுத்தின் மேல் படபடவென்று அடித்தது.

"கம்ப்யூட்டர்ல எதையாவது தொட்டீங்களா?" என்று திரும்பாமலே கேட்டாள். கை மடிக்குள் போய்விட்டது.

"கீபோர்டுல தூசி. நீ போய் முகம் கழுவிட்டு வா, சரி பண்ணி வைக்கறேன்."

அவள் போனதும் குப்பைத் தொட்டியிலிருந்து இரண்டு ஃபைல்களையும் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். மறுபடி அணைத்துத் திறந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கீபோர்டு அமைப்புகள் பக்கத்துக்குப் போனேன். டிக் போட்டிருந்த ஒரு கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் விளக்கம் இருந்தது.

'விசை தவறுதலாக அடுத்தடுத்து அழுந்தினால் பொருட்படுத்தாது. கை நடுக்கம் உள்ளவர்களுக்கு உதவும்.'

இந்த வரியை நானே நாலைந்து கையேடுகளில் மொழிபெயர்த்திருக்கிறேன். யாருக்காக என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அவள் வந்து உட்கார்ந்தாள். இந்த முறை ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்துதான் விழுந்தது. 'நாளை முதல் பல் பிடுங்கும் வேலை எதற்கும் என் பெயரைப் போட வேண்டாம்' என்று அடித்து, முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நிறுத்தினாள். நான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் திரையை மறைக்கவில்லை.

பல் காது வரைக்கும் தெறித்தது.

"பல்லை நாளைக்கு ஜூனியர்கிட்டயே எடுத்துக்கறேன்" என்றேன். "ஆனா எனக்குப் பயமா இருக்கும். நீ பக்கத்துல நின்னு என் கையைப் பிடிச்சுக்கணும்."

அவள் திரும்பிப் பார்க்காமலே, வலது கையைத் தோளுக்கு மேல் பின்பக்கமாக நீட்டினாள்.

பிடித்துக்கொண்டேன். அவள் உருவிக்கொள்ளவில்லை.