பாஸ் கெடுத்த கார்

"மகன்ட காரை பெட்ரோல்ல இருந்து கேஸுக்கு மாத்துங்க பாஸ். ஆனா நல்லா செய்ய வாணாம்."

தனபாலன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பல்லேகலயில் கராஜ் திறந்து இருபத்திரண்டு வருடமாகிறது. இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.

ஹபீலா ஷாலைச் சரிசெய்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். மகன் ஸிபானும் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தெல்தெனிய வீதியில் பந்தயம் ஓடுகிறார்கள். போன மாதம் அதில் ஒருவன் வளைவில் மதகோடு மோதி இன்னும் கட்டிலில் கிடக்கிறான். சொல்லியும் பார்த்தாயிற்று, அழுதும் பார்த்தாயிற்று. கேஸ் கார் ஏற்றத்தில் இழுக்காது என்று யாரோ சொன்னார்களாம். பெட்ரோல் விலையைச் சாட்டி மகனைச் சம்மதிக்க வைத்திருக்கிறார்.

"அது சும்மா கதை ராத்தா," என்றார் தனபாலன். "அந்த டர்போ எஞ்சினுக்கு கேஸை ஒழுங்கா செட் பண்ணினா, பெட்ரோலைவிட நல்லாவே பாயும்."

ஹபீலாவின் முகம் செத்துப்போனது.

"அப்ப ஒழுங்கா செட் பண்ணாதீங்க."

தனபாலன் இரண்டு நாள் யோசித்தார். பந்தயக் கார்களுக்கு எஞ்சின் செய்து செய்து எடுத்த பேர். இந்தப் பையன்களின் வாயில் விழுந்தால் ஒரே வாரத்தில் போய்விடும். பிறகு கட்டிலில் கிடப்பவனை நினைத்தார். திரும்பப் பெட்ரோலில் ஓட்ட முடியாதபடி பெட்ரோல் டாங்கியைக் கழற்றினார். கேஸ் டாங்கியையும் குழாய்களையும் கவனமாகப் பூட்டினார். டர்போவின் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து, சாவியைக் கொடுத்தார்.

பயந்த மாதிரியே நடந்தது. அடுத்த ஞாயிறு ஸிபானின் காரை ஏற்றத்தில் ஒரு ஓட்டோ முந்திப் போனதாம். கண்டியில் அதே பேச்சு. திங்கட்கிழமை ஸிபான் கூட்டாளிகளோடு வந்து, கராஜில் நின்ற வாடிக்கையாளர்கள் முன்னால் சத்தம் போட்டான்.

"பந்தயக் காரை மரக்கறி லொறியாக்கிட்டீங்களே பாஸ்," என்று ஸாகி கெக்கலித்தான். ஸாகிதான் அந்தக் கூட்டத்தில் எல்லோரையும்விட வேகமாக ஓட்டுபவன்.

தனபாலன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு கேஸ் வேலை அவ்வளவாத் தெரியாது தம்பி. இதுக்கு மேல செட் பண்ண வராது."

அன்றைக்கே இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு கராஜ் பார்த்துப் போனார்கள்.

புதன்கிழமை ஸாகி தனியாக வந்தான். காரைத் தெருவில் நிறுத்தாமல் கராஜின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான். இன்னொரு ஏச்சுக்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு தனபாலன் போனார்.

ஸாகி அக்கம்பக்கம் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"பாஸ், ஸிபானை இப்ப ஓட்டத்துக்கு ஒருத்தரும் கூப்புடுறல்ல. என்ட காரையும் அதே மாதிரிப் பிழையா செஞ்சு தாங்க. நானா நிப்பாட்டினா பயந்துட்டான்னு செல்லுவாங்க. இதுன்டா, நீங்க கெடுத்துட்டீங்கன்னுதான் செல்லுவாங்க."