பன்னிரண்டாவது வருகை

“இனி வரமாட்டீங்களா மகள்?”

இரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி கேட்டார் நெய்னார்.

“இதுதான் கடைசி மாமா. பன்னிரண்டு மாசமும் முடிஞ்சிது” என்றாள் அஸ்மியா.

மாவனல்லைக்காரி. நோய்ப்பரவலியலில் முதுமாணிப் பட்ட ஆய்வுக்காகப் புத்தளத்துக்கு வந்து ஒரு வருடமாகிறது. உப்பளத்தில் நெடுங்காலம் வேலை செய்தவர்களின் சிறுநீரகம் பழுதடைகிறதா என்பதுதான் ஆய்வு. தொண்ணூறு பேரின் பெயர்ப் பட்டியலோடு மாதம் ஒருமுறை பாலாவிப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்குவாள்.

பலர் சைக்கிளில் ஒரு காலை வைத்தபடியே பதில் சொன்னார்கள். சிலர் பிறகு வரச் சொல்லிவிட்டு, பிறகு வந்தபோது உள்ளேயே இருந்துகொண்டார்கள். மாலையில் வாடகை அறைக்குத் திரும்பினால் கடைச் சோற்றுப் பார்சலும் மடிக்கணினியும்தான் துணை. ‘நேற்று எத்தனை கோப்பை தண்ணீர் குடித்தீர்கள்?’ என்பதைத் தவிர வேறெதுவும் பேசாமலே போன நாட்கள் உண்டு.

நெய்னாரின் வீடு மட்டும் வேறு. அவள் வரும் நாளில் கதிரையைத் துடைத்துப் போட்டு வைத்திருப்பார். முதலில் “சாப்பிட்டீங்களா?” என்பார். அந்த ஊரில் அவளிடம் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர். மனைவி மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். மகள்கள் இருவரும் கட்டாரில். நாற்பது கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு, “வேற கேள்வி இல்லையா?” என்று கேட்பார். பன்னிரண்டு மாதமும் ஒருமுறைகூடத் தவறாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று இருந்தது. பட்டியலின்படி அவர் இருபத்திரண்டு வருடம் உப்பள வெயிலில் நின்றவர். ஆனால் அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவுகள் இளைஞன் ஒருவனுடையதைப் போல் இருந்தன.

“மாமா, உங்களப் பத்தித் தனியா ஒரு அத்தியாயம் எழுதப்போறன்” என்றாள் சந்தோஷமாக. “உங்கட சாப்பாடு, தண்ணி, தூக்கம் எல்லாத்தையும் எழுதி, உப்பளத்து ஆக்களுக்கும் சொல்லிக்கொடுக்கலாம் எண்டு எங்கட பேராசிரியர் சொல்றார்.”

அவர் முகம் மாறியது. கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார்.

“என்னைப் போல நடந்தா தங்களுக்கு ஒண்டும் ஆகாதெண்டு அவங்க நம்புவாங்களா?”

“ஓம் மாமா. நம்பினா நல்லம்தானே?”

வீதியில் லொறி ஒன்று இரைந்துகொண்டு போனது.

“அத எழுதாதீங்க மகள். நான் உப்பளத்துல ஒரு நாள்கூட வேலை செஞ்சதில்ல. நான் தையல்காரன். எண்ட பேர் முத்தலிபு.”

அஸ்மியாவுக்குப் புரியவில்லை. “அப்ப நெய்னார்?”

“எனக்கு முந்தி இந்த வீட்டுல வாடகைக்கு இருந்த ஆள். நீங்க வாறதுக்கு ரெண்டு மாசத்துக்கு முந்தி மௌத்தாப் போயிட்டார். கிட்னி ரெண்டும் பழுதாகி.”

ஒரு வருட உழைப்பு, படிவங்கள், பேராசிரியரின் பாராட்டு எல்லாம் அவள் மடியில் கனத்தன. கோபப்படத்தான் நினைத்தாள். ஆனால் கேள்விதான் வந்தது.

“முதல் நாளே சொல்லியிருக்கலாமே மாமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வாசல்ல நிண்டு, நெய்னார் இருக்காரா எண்டு கேட்டீங்க. இல்லையெண்டு சொன்னா, நீங்க போயிடுவீங்களே மகள்.”